கிளார்க்ஸ்டேலில் குடியேற வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் என்ற ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் நம் ஆட்கள் முதலில் வரைபடத்தைத் திறக்கிறார்கள். அடுத்து, யாரையாவது பிடித்து என் நம்பரை வாங்கி போன் செய்கிறார்கள். பெரும்பாலும் டாக்டர்கள், அல்லது அவர்களுடைய கணவனோ மனைவியோ, எப்போதாவது ஓர் ஆசிரியர். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். இங்கேயே வீடு எடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக் குடும்பம் நடத்துகிறவள் என்ற முறையில் பதில்களை எழுதி வைக்கிறேன்.

ஊர் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

பக்கத்துப் பெரிய நகரமான மெம்பிஸிலிருந்து தெற்கே, 61-ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 75 மைல். நியூ ஆர்லியன்ஸில் தொடங்கி மினசோட்டா வரை போகிற சாலை அது. அதை 49-ஆம் நெடுஞ்சாலை சந்திக்கிற இடத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பகுதிக்கு டெல்டா என்று பெயர், ஆனால் கடலோரம் என்று நினைக்க வேண்டாம். மிசிசிப்பி, யாசூ ஆறுகளுக்கு நடுவே வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டல் சமவெளி இது. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு மேடு கிடையாது. பருத்தி, சோயா, மக்காச்சோளம், நெல்.

2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 20,645 பேர், 2020-இல் 14,903 பேர். பத்தில் எட்டுப் பேர் கறுப்பின மக்கள்.

இவ்வளவு சின்ன ஊருக்கு நம் டாக்டர்கள் ஏன் வருகிறார்கள்?

ஜே-1 விசாவில் வந்து பயிற்சி முடிக்கும் வெளிநாட்டு டாக்டர்கள் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது விதி. கான்ராட் 30 என்ற திட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலமும் வருடத்துக்கு 30 பேருக்கு அந்த விதியிலிருந்து விலக்கு வாங்கித் தரலாம். பதிலுக்கு, டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும். டெல்டா முழுக்கவே பற்றாக்குறைதான்.

கூட வரும் கணவனோ மனைவியோ எச்-4 விசாவில் இருப்பார்கள். கிரீன் கார்டு வேலை ஒரு கட்டம் தாண்டும் வரை அவர்களுக்கு வேலை அனுமதி கிடையாது. இதை விமானம் ஏறும் முன்பே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். டாக்டருக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது, பகல் முழுவதும் வீட்டில் இருப்பவருக்குத்தான் ஊர் வேண்டும். மூன்று வருடத்தையும் பெட்டியைப் பிரிக்காமல் கழித்துவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த ஊரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வால்மார்ட்டும் மெம்பிஸ் போகிற சாலையும்தான். அது ஊருக்கு நஷ்டமோ இல்லையோ, அவர்களுக்குப் பெரிய நஷ்டம்.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியாது. ஒரு வீட்டுக்கு ஒரு கார் கூடப் போதாது. கணவர் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் நீங்கள் வீட்டோடு அடைந்து கிடக்க வேண்டியதுதான். ஓட்டத் தெரியாது என்றால் வந்ததும் முதல் வேலையாகக் கற்றுக்கொள்ளுங்கள். நெரிசல் இல்லாத ஊர், கற்றுக்கொள்ள நல்ல இடம்.

கார் வாங்க முடியாதவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் அவர்கள் நிறையப் பேர். வால்மார்ட் இருக்கிற ஸ்டேட் தெரு, நடக்கிறவர்களை நினைத்துப் போட்ட தெரு இல்லை. ஜூலை வெயிலில் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு சாலையோரப் புல்லில் நடந்து போகிற பெண்களைப் பார்க்கலாம். ஐஸ்கிரீம் உருகிப் பாலாகத்தான் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்து சிலர் அதை வாங்குவதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெட்ரோல் காசு கொடுத்து, கூட ஏறிப் போய்ச் சாமான் வாங்கி வருவது இங்கே சர்வ சாதாரணம். ஆரன் ஹென்றி பெயரில் உள்ள சமூக மருத்துவ மையம் கிராமப்புறங்களுக்கு வேன் விடுகிறது. டயாலிசிஸுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் உயிர்நாடி. ரயில் வேண்டுமென்றால் கிழக்கே பக்கத்தில் மார்க்ஸ் என்ற ஊருக்குப் போக வேண்டும். சிகாகோ-நியூ ஆர்லியன்ஸ் ரயில் 2018-லிருந்து அங்கே நிற்கிறது.

வீடு எப்படிக் கிடைக்கும்? வாடகை அதிகமா?

மெம்பிஸோடு ஒப்பிட்டால் வாடகை குறைவு. ஆனால் நல்ல நிலையில் உள்ள வாடகை வீடு சீக்கிரம் அமையாது. பழைய மர வீடுகள்தான் நிறைய. பார்க்கப் போகும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, கரையான். இரண்டு, சுவர் விரிசல்: இந்த ஊர்க் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், கூடவே வீட்டின் அடித்தளமும் அசையும். கதவு சட்டத்தில் உட்காராமல் இடித்தால் கீழே ஏதோ இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மூன்று, ஏ.சி. ஜன்னலில் பொருத்திய சின்ன ஏ.சி. மட்டும் உள்ள வீடு என்றால் கோடை மின்கட்டணத்தை முந்தைய குடித்தனக்காரரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மின்சாரமும் தண்ணீரும் நகரத்தின் சொந்த நிறுவனமே தருகிறது.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஒரு பேச்சு உங்கள் காதில் விழும். வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம் என்று ஊரைப் பிரித்து வைத்திருந்த காலத்தின் மிச்சம் அது. வீடு காட்டுகிறவர் சொல்லும் 'நல்ல ஏரியா'வை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். எல்லாத் தெருவிலும் ஒரு முறை காரில் மெதுவாகப் போய்வாருங்கள்.

டவுனில் இத்தனை கடைகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன?

எல்லோரும் கேட்கிற கேள்வி. கேட்கும் தொனியிலேயே ஊர்க்காரர்கள் சோம்பேறிகள் என்ற ஓர் எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது தவறு.

இந்த மண்ணில் காட்டை வெட்டிப் பருத்தி நட்டது கறுப்பினத் தொழிலாளர்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு வந்தது வாரச் சாகுபடி. நிலம் முதலாளியுடையது, விதையும் உரமும் அவருடைய கடையில் கடன், அறுவடை முடிந்ததும் கணக்குப் புத்தகம் எழுதுகிறவரும் அவரே. வருடக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது, பல வீடுகளில் கடன்தான் மிஞ்சும். 1944-இல் ஊருக்கு வெளியே ஹாப்சன் பண்ணையில், நடவு முதல் பொதி கட்டுவது வரை முழுக்க இயந்திரத்தாலேயே ஒரு பருத்தி வெள்ளாமை எடுத்துக் காட்டினார்கள். ஐம்பது பேர் பறிப்பதை ஒரே இயந்திரம் பறித்தது. அதன் பிறகு அந்தக் கைகள் தேவைப்படவில்லை. குடும்பம் குடும்பமாக ரயிலேறி சிகாகோவுக்குப் போனார்கள். ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மடி வாட்டர்ஸ் அதற்கு ஒரு வருடம் முன்பே, 1943-இல், இந்த ஊர் ஸ்டேஷனில் ரயிலேறியவர். ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் பாட்டால் சிகாகோவுக்கே பெயர் வாங்கிக் கொடுத்தார்.

போகாமல் இருந்தவர்கள் வாக்குரிமைக்குப் போராடினார்கள். ஆரன் ஹென்றி என்று ஒரு மருந்துக்கடைக்காரர், நாலாம் தெருவில் கடை வைத்திருந்தவர். மாநில அளவில் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத் தலைவராக முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தார். 1961-இல் டவுன் கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டத்தை நடத்தினார். பொருள் வாங்கும் கை கறுப்புக் கை, ஆனால் கல்லாவில் உட்காரவும் அதைவிடக் கொஞ்சம் மரியாதையான வேலையில் சேரவும் அந்தக் கைக்கு இடமில்லை என்பதுதான் பிரச்சினை. அவர் வீட்டின் மேல் குண்டு வீசினார்கள், சிறையில் போட்டார்கள். ஊரைவிட்டு அவர் போகவில்லை.

அப்புறம் புறவழிச்சாலை வந்தது. ஊருக்குள் நுழைந்து போன லாரிகளும் பயணிகளும் வெளியோடு போக ஆரம்பித்தார்கள். வடக்கே டியூனிக்காவில் 1992-இல் சூதாட்ட விடுதிகள் திறந்தபோது ஆயிரக்கணக்கில் வேலை வந்தது. பிறகு அவையும் ஒவ்வொன்றாக மூடின. இந்த மாநிலத்துக்கென்று குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. 2009-லிருந்து மாறாத மத்திய அரசின் மணிக்கு 7.25 டாலர்தான் அளவு. காலையில் பெட்ரோல் பங்க்கில் கோழி வறுத்துவிட்டு, மாலையில் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போகிற பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது.

பாதுகாப்பான ஊரா?

துப்பாக்கிச் சாவுகள் நடக்கின்றன. இத்தனை சின்ன ஊரில் செத்தவரும் தெரிந்தவராக இருப்பார், சுட்டவரின் அம்மாவும் தெரிந்தவராக இருப்பார். அந்த வாரம் முழுக்க ஊரே கனத்துப்போய் இருக்கும். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே சமயம், பகலில் நான் தனியாகப் போகப் பயப்படுகிற தெரு என்று எதுவும் இல்லை. காரைப் பூட்டுங்கள், சீட்டில் பையை வைக்காதீர்கள், ராத்திரியில் தெரியாத இடத்தில் சுற்றாதீர்கள். தெருநாய்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

நம்மை எப்படி நடத்துவார்கள்?

மரியாதையாக. மற்ற விஷயங்களில் ஊரைப் பற்றி இரண்டு கருத்து இருக்கலாம், இதில் கிடையாது. சின்னப் பிள்ளை முதல் போலீஸ்காரர் வரை 'மேம்', 'சார்' இல்லாமல் பேச மாட்டார்கள். கொஞ்சம் பழகியதும் உங்கள் பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துக் கூப்பிடுவார்கள், கல்யாணம் ஆகியிருந்தாலும் அப்படித்தான். நீங்களும் வயதானவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். எதிரே வரும் காரில் இருப்பவர் ஸ்டீயரிங்கிலிருந்து விரலைத் தூக்கிக் காட்டினால், தெரிந்தவரா என்று யோசிக்காமல் நீங்களும் தூக்குங்கள்.

இறுதி ஊர்வலம் வந்தால் எதிரே வருகிற வண்டிகள் எல்லாம் ஓரம் கட்டி நின்றுவிடும். நெடுஞ்சாலையிலும் அப்படித்தான், பருத்தி லாரி கூட நிற்கும். சிலர் இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். கடைசிக் கார் போகும் வரை ஹார்ன் சத்தமே இருக்காது. செத்தவர் யார் என்று நிற்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்களும் நிறுத்துங்கள்.

இந்தியர் என்றதும் மோட்டல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். நெடுஞ்சாலை மோட்டல்கள் பலவும் குஜராத்திக் குடும்பங்களுடையவை என்பதால் வரும் கேள்வி அது, கேலி கிடையாது. எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்பார்கள். நாங்கள் இந்து, கோயில் மெம்பிஸ் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் ஒரு முறையாவது போய்வாருங்கள். அதன் பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் வாசலில் சூப் இருக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

இட்லி அரிசி, உளுந்து, புளி, பெருங்காயம் எல்லாம் மெம்பிஸில்தான். மாதம் ஒரு முறை பட்டியல் போட்டுக்கொண்டு போவோம். காய்கறிக்கு மட்டும் கவலையே வேண்டாம். அமெரிக்காவின் எத்தனையோ பெரிய நகரங்களில் கிடைக்காத காய் இங்கே தெருவோரத்தில் கிடைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து வைத்து விற்பார்கள்: வெண்டைக்காய், தக்காளி, கத்திரிக்காய், தர்பூசணி, ஊதா நிறத் தோலோடு தட்டைப்பயறு. பிஞ்சு வெண்டையை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கினால் விற்கிறவர் முகம் மலர்ந்துவிடும். வெண்டையும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களோடு வந்த பயிர்கள். இவர்கள் அதே காயைச் சோளமாவில் புரட்டிப் பொரிப்பார்கள், நாம் புளிக்குழம்பு வைப்போம். என் பக்கத்து வீட்டு அம்மாவும் நானும் ஒரு கோடை முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து பயறு உரித்திருக்கிறோம். அவருடைய கட்டை விரல் வேகத்துக்கு என்னால் இன்னும் ஈடு கொடுக்க முடியவில்லை.

குளிர்காலத்தில் கீரை: கடுகுக்கீரை, டர்னிப் கீரை, காலர்டு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹோட்டலிலும் சர்ச் விருந்திலும் கீரை, பயறு இரண்டையும் பன்றிக்கறித் துண்டு போட்டுத்தான் வேகவைப்பார்கள். பார்த்தால் தெரியாது, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கறி சாப்பிடுகிறவர்களுக்கு டெல்டா டமாலி. சோளமாவுக்குள் காரசாரமான கறியை வைத்து, சோளத் தோகையில் சுற்றி, மும்மூன்றாகக் கட்டி, மசாலாத் தண்ணீரில் கொதிக்கவிடுவார்கள். உப்பு பிஸ்கட்டோடு தின்பது வழக்கம். மெக்சிகோவிலிருந்து பருத்தி எடுக்க வந்தவர்களிடம் கறுப்பினத் தொழிலாளர்கள் கற்றுக்கொண்டது என்பார்கள். வயலுக்குக் கட்டிக்கொண்டு போனால் மதியம் வரை சூடு தாங்கும் என்பதால் நிலைத்துவிட்டதாம். நம் நாக்குக்கு அந்தக் காரம் உடனே பிடிக்கும். நூறு வருடத்துக்கு முன்பே லெபனான் குடும்பங்கள் வந்து கடை வைத்த ஊர் என்பதால் கிப்பி என்ற கறி உருண்டையும் கிடைக்கும். 1924-இல் தொடங்கிய ஏப்ஸ் பார்பிக்யூ கடையும் ஒரு லெபனான்காரர் ஆரம்பித்ததுதான்.

மளிகைச் சாமானுக்கும் இங்கே விற்பனை வரி உண்டு. நாட்டிலேயே அதிகமாக 7 சதவீதமாக இருந்தது, 2025 ஜூலையிலிருந்து 5 சதவீதம். அரிசிக்கும் பாலுக்கும் வரி கொடுப்பது ஏழைக்கு எவ்வளவு பாரம் என்பது கடையில் முன்னால் நிற்கிறவர் ஒரு சாமானை எடுத்துத் திருப்பி வைக்கும்போது புரியும்.

பள்ளிக்கூடம்?

இரண்டு வகை. அரசுப் பள்ளிகளில் அநேகமாக எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகள். 1969 கடைசியில், பிரித்து வைத்த பள்ளிகளை உடனே ஒன்றாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதும், டெல்டா முழுக்க வெள்ளையர்கள் தங்கள் பிள்ளைகளுக்கென்று தனியார் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அந்தப் பிரிவு இன்னும் முழுதாக ஆறவில்லை. நம் ஆட்கள் பெரும்பாலும் தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அரசுப் பள்ளியில் பல வருடமாக நிற்கிற ஆசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் படிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் சர்ச், வெள்ளிக்கிழமை ராத்திரி அமெரிக்கக் கால்பந்து. அந்த நேரங்களில் பிறந்தநாள் விழா வைத்தால் யாரும் வர மாட்டார்கள்.

உடம்பு சரியில்லை என்றால்?

சாதாரணக் காய்ச்சல், அடிபட்டது எல்லாம் உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளலாம். சிறப்பு மருத்துவர் என்றால் மெம்பிஸ், ஆக்ஸ்போர்டு அல்லது ஜாக்சன். கர்ப்பமாக இருப்பவர்கள் பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று முதல் மாதத்திலேயே தீர்மானியுங்கள். டெல்டாவில் பிரசவ வார்டுகள் மூடப்பட்டு வருகின்றன, கிரீன்வுட்டில் 2022-இல் மூடினார்கள். ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டை விரிவாக்க இந்த மாநிலம் ஒத்துக்கொள்ளவில்லை. காப்பீடு இல்லாதவர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்தே சின்ன ஆஸ்பத்திரிகள் நொடித்துப்போகின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லாத வீடு அரிது. காலில் புண் வைத்துக்கொண்டு, வண்டி கிடைக்கவில்லை, லீவு கிடைக்கவில்லை என்று வாரக்கணக்கில் தள்ளிப்போட்டு வருகிறவர்களைப் பற்றி என் கணவர் சாப்பிடும்போது சொல்வார். தொடக்கத்திலேயே வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும்.

வெயில், புயல் எல்லாம் எப்படி?

வெயில் நமக்குப் புதிதில்லை. ஜூலையில் 34 டிகிரி, கூடவே சென்னைப் புழுக்கம். கொசு உண்டு, புல்லில் கடித்தால் கொப்பளிக்கிற நெருப்பெறும்பும் உண்டு. செப்டம்பரில் அறுவடைக்கு முன் பருத்தி இலை உதிர மருந்து அடிப்பார்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை அந்த வாரங்களில் வயலோரம் விளையாட விடாதீர்கள்.

டொர்னேடோ என்கிற சூறாவளிச் சுழல்தான் பெரிய பயம். 2023 மார்ச் 24 ராத்திரி, இதே 61-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே உள்ள ரோலிங் ஃபோர்க் ஊரை ஒரு சுழல் தரைமட்டமாக்கியது. போனில் எச்சரிக்கையை ஒருபோதும் அணைக்காதீர்கள். பேட்டரி ரேடியோ ஒன்று வாங்குங்கள். வீட்டின் நடுவே ஜன்னல் இல்லாத அறையோ குளியலறையோ எது என்று பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள். தகரக் கூண்டு வீடுகளில் இருப்பவர்களுக்கு ஓட இடமில்லை. பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால், எச்சரிக்கை வந்ததும் நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பொழுது எப்படிப் போகும்?

பாட்டு. சாம் குக்கும் ஐக் டர்னரும் 1931-இல் பிறந்தது இங்கேதான். பழைய சரக்கு ரயில் நிலையத்தில் உள்ள டெல்டா ப்ளூஸ் மியூசியத்தில் மடி வாட்டர்ஸ் குடியிருந்த மரக்குடிசையைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நடிகர் மார்கன் ஃப்ரீமனும் கூட்டாளிகளும் 2001-இல் திறந்த ப்ளூஸ் கிளப் டவுனில் இருக்கிறது. ஏப்ரலில் ஜூக் ஜாயின்ட் திருவிழா வரும்போது ஊர் கொள்ளாது. நார்வேயிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆள் வருகிறார்கள். அது முடிந்த வாரம் மறுபடி அமைதி. எனக்குப் பிடித்தது அந்தக் கூட்டமில்லாத ராத்திரிகளில் கேட்கிற பாட்டுத்தான். பாடுகிறவர் பகலில் புல் வெட்டுகிறவராக இருப்பார், அல்லது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவராக.

தமிழ் ஆட்கள், கோயில்?

தமிழ்க் குடும்பங்கள் கையில் எண்ணிவிடலாம், அதுவும் வருவதும் போவதுமாக இருக்கும். கோயில் மெம்பிஸைத் தாண்டி ஈட்ஸில். பொங்கல், தீபாவளிக்கு அங்கே போனால் பெரிய கூட்டம் கிடைக்கும். பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டில்தான் சொல்லித்தர வேண்டும்.

வந்த முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு அடையாள அட்டையும் வாடகை ஒப்பந்தமும் எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுங்கள். போனில் இழுத்துக்கொண்டே போகும், நேரில் போனால் வேலை நடக்கும். கார்னகி நூலகத்தில் அட்டை வாங்குங்கள். பிள்ளைகளுக்குப் புத்தகம், உங்களுக்குக் கொஞ்சம் ஆள் பழக்கம். இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் நீங்களே போய்த் தட்டிப் பெயர் சொல்லுங்கள், அவர்கள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கையில் ஏதாவது செய்து கொண்டுபோனால் இன்னும் நல்லது. காரம் குறைத்த வெண்டைக்காய் வறுவல் எல்லோருக்கும் பிடிக்கிறது. பாத்திரம் காலியாகத் திரும்பி வராது.